துப்பாக்கிக்கு வைத்த பரீட்சை

ஆயுத பூசை விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வெடிச் சத்தம் கேட்டாக வேண்டும். அது கேட்ட பிறகுதான் மச்சான் கை கழுவிவிட்டு இலைக்கு வருவார்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. மச்சானுக்கு அங்கே மக்காச்சோளமும் நிலக்கடலையும் போடுகிற காடு, கிணற்றடியில் கொஞ்சம் தென்னை. அக்கா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் மலையிலிருந்து பன்றி இறங்கும். பன்றிக்காக மச்சானின் அப்பா, பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் ஒரு துப்பாக்கி வாங்கி வைத்திருந்தார். அவர் இறந்ததும் உரிமம் மச்சான் பெயருக்கு மாறியது.

ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு ஈய ரவை, அதன்மேல் மறுபடியும் நார். பின்பக்கத்தில், அடி பட்டால் பொறி கிளம்புகிற ஒரு சின்ன ‘கேப்’ மூடியைச் செருகி விசையை இழுத்தால் சுத்தியல் அதன்மேல் விழும். பன்றியைச் சுட்டால் வனத்துறை கேஸ் வரும் என்பதால் மச்சான் பெரும்பாலும் ரவை போடுவதில்லை. மருந்தும் நாரும் மட்டும் வைத்து வானத்தைப் பார்த்துச் சுடுவார். பன்றிக்குச் சத்தம் போதும்.

அந்தக் குழலின்மேல் உரிமத்துக்காகப் பொறித்த நம்பர் ஒன்று உண்டு. வேறு குறி கிடையாது. தொழிற்சாலைக் குழல் என்றால் சோதனை முத்திரை இருக்கும். விற்பனைக்குப் போவதற்கு முன்னால், வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்து போட்டு, பக்கத்தில் ஆள் இல்லாமல் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால் அதன்மேல் அடிக்கிற குறி அது. ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளாக இந்த வழக்கம் இருக்கிறது. குழல் வெடித்து வாங்கியவன் செத்தால் ஊரிலுள்ள எல்லாப் பட்டறைக்கும் கெட்ட பெயர் வரும் என்பதால், துப்பாக்கி செய்கிறவர்களே முன்வந்து ஏற்படுத்திக்கொண்ட கட்டுப்பாடு. லண்டனில் அவர்களுடைய சங்கம், அடுத்தவர் கடையில் இருக்கும் குழலையும் எடுத்துச் சோதித்து, தேறாததை உடைத்துப் போடுகிற அளவுக்கு அதிகாரம் வைத்திருந்தது. தேறியதற்குக் கிரீடம் போட்ட முத்திரை. நம் நாட்டிலும் சோதிக்காத குழலை விற்கக் கூடாது. மச்சான் வீட்டுத் துப்பாக்கி இந்த ஒழுங்கெல்லாம் எட்டாத ஒரு கொல்லுப்பட்டறையில் பிறந்தது.

முத்திரை இல்லாத குழலை நம்பக் கூடாது என்று மச்சானின் அப்பாவுக்குப் பட்டாளத்திலிருந்து வந்த யாரோ சொல்லியிருக்கிறார். என்ன செய்ய வேண்டும் என்பதையும் பாதி சொல்லியிருக்கிறார். அந்தப் பாதியை அந்தக் குடும்பம் தவறாமல் செய்துவந்தது.

ஆயுத பூசைக்கு அந்த ஊரே மண்வெட்டியையும் டிராக்டரையும் கழுவிக்கொண்டிருக்கும். மச்சான் வீடு மாதிரியான கத்தோலிக்க வீடுகளில் பூசை கிடையாது, கழுவல் உண்டு. மச்சான் துப்பாக்கியைக் கழற்றிக் குழலை மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார். பிறகு துப்பாக்கியை மறுபடி பூட்டி, மோட்டார் ரூமுக்குப் பின்னால் கிடக்கும் பழைய டிராக்டர் டயரில் அதைக் கயிற்றால் கட்டுவார். வாய் ஓடைக்கரை மண்ணைப் பார்த்திருக்கும். அன்றைக்கு மட்டும் மருந்து இரண்டு பங்கு, ரவையும் இரண்டு பங்கு. விசையில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, மோட்டார் ரூம் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, எல்லோரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டு இழுப்பார். தென்னையிலிருந்து காக்கைகள் கிளம்பும். புகை அடங்கியதும் போய்க் குழலை உள்ளங்கையால் அடியிலிருந்து நுனிவரை தடவுவார். ஸ்பேனரால் தட்டிக் காதில் வாங்குவார். கணீரென்றால் தேறிவிட்டது. பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தத்தைத் தெளித்து, துப்பாக்கியின் பின்கட்டையில் சாக்பீஸால் ஒரு சிலுவை போடுவார். சாக்பீஸ் அக்காவின் பள்ளிக்கூடத்துடையது. அந்தச் சிலுவை தவக்காலம் வருவதற்குள் அழிந்துவிடும்.

பரீட்சை என்று பெயர் வைத்தது அக்காதான்.

"ஏங்க, அதே புள்ளைக்கு அதே பரீட்சைய வருசா வருசம் வச்சா அதுக்கு அலுத்துப் போகாதா?"

"நீ மட்டும் பள்ளிக்கூடத்துல வைக்கலையா?"

"நான் பாஸாப்போன புள்ளைய அடுத்த கிளாஸுக்கு அனுப்பிருவேன். திரும்ப ஒக்கார வைக்க மாட்டேன்."

பக்கத்துக் காட்டுக்காரர் அவருடைய மோட்டார் ரூமில் சந்தனம் வைத்துக்கொண்டே கத்துவார்: "ஏப்பா, உன் துப்பாக்கி பாஸா ஃபெயிலா?"

"பாஸ்ப்பா."

"மார்க்கு எம்புட்டு?"

"உனக்கு வந்ததவிட ஜாஸ்தி."

மச்சான் எதிலும் அந்த மாதிரி கவனம்தான். ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் ரப்பர் செருப்பைப் போடுவார். பூச்சிமருந்து அடித்த கையோடு வெற்றிலை போடுகிறவர்களைப் பார்த்தால் சண்டைக்குப் போவார். அந்தப் பக்கம் துப்பாக்கி வைத்திருந்த இன்னும் இரண்டு பேர் அதை வருடக்கணக்கில் கழுவுவதுகூட இல்லை. அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "கைய இழக்கப் போறாய்ங்க" என்பார்.

ஒரு வருடம் அவருக்குச் சிக்குன்குனியா வந்து படுத்துவிட்டார். மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. கதிர் முற்றிக்கொண்டிருந்தது. அந்தி நேரத்தில் அக்காதான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போனாள். கட்டிலில் கிடந்தபடி மச்சான் மருந்தை அளந்து கொடுத்தார். "பாஸான துப்பாக்கி. பயப்படாம அடி" என்று சொல்லி அனுப்பினார். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சுட்டாள். கட்டை தோளில் இடித்ததில் ஒரு வாரம் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். கடந்த முறை மச்சான் துப்பாக்கியை வாங்கப் போனபோது அது ஒழுகுகிற ஓர் அறையில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த கட்டுக்குள் இருந்தது. மேலெல்லாம் துரு. அவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். சாக்குப் பையைப் பிரித்துக் காட்டினார்.

"எப்பிடிப் போட்டிருக்காய்ங்க பாரு மாப்ள. இத இப்பிடியே நம்ப முடியாது. நாளைக்கே ஒரு பரீட்சை வச்சுர வேண்டியதுதான்."

"ஆயுத பூசைக்கு இன்னும் நாள் கிடக்கே மச்சான்."

"அது அப்ப. இது இப்ப."

மறுநாள் டயரில் கட்டிச் சுட்டார். தாங்கியது. ஆயுத பூசை வந்தது. மறுபடியும் கட்டிச் சுட்டார். அதையும் தாங்கியது. அந்த இரண்டாவது முறை நான் சுவருக்குப் பின்னால் அவர் பக்கத்தில் நின்றேன். தட்டியபோது சத்தம் எப்போதும் போலத்தான் எனக்குக் கேட்டது. அவருக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிட வந்தார். கோழிக்குழம்பு. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லை என்று அக்காவை வம்புக்கு இழுத்தார்.

அதன்பிறகு மக்காச்சோளம் பால் பிடித்த சமயம். நான் திண்டுக்கல்லில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் மருத்துவமனை செய்திகளை எடுக்கிற நிருபர் போன் செய்தான்.

"அண்ணே, ஒரு சிங்கிள் காலம் நியூஸ் இருக்கு. எழுதிக்கிறீங்களா?"

"சொல்லு."

"நாட்டுத் துப்பாக்கி வெடித்து விவசாயி படுகாயம். திண்டுக்கல் அருகே சிறுமலை அடிவாரத்தில், காட்டுப்பன்றியை விரட்ட, அளவுக்கு அதிகமாக மருந்து நிரப்பி, அஜாக்கிரதையாகக் கையாண்டபோது…"

"எந்த ஊரு?"

ஊர்ப் பெயரைச் சொன்னான். பிறகு ஆளின் பெயரைச் சொன்னான். வயதும் சொன்னான். வயது தப்பு.

"அதிகமா மருந்து போட்டாருன்னு யாருப்பா சொன்னா?"

"யாரு சொல்லணும்ணே. நாட்டுத் துப்பாக்கி வேற எதுக்கு வெடிக்கும்?"

வயதைத் திருத்தினேன். மருந்தைப் பற்றிய பகுதியையும் 'அஜாக்கிரதை' என்ற சொல்லையும் எடுத்தேன். நான்கு வரி மிஞ்சியது. பக்கத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனேன்.

இடது கையில் கட்டைவிரலும் அதை ஒட்டிய இரண்டு விரலும் இல்லை. துப்பாக்கியைத் தாங்கிப் பிடித்திருந்த கை. துப்பாக்கியை முகத்தோடு வைக்காமல் மேலே தூக்கிச் சுட்டதால் கண் தப்பியது. கன்னத்திலும் காதிலும் கருமருந்துப் புள்ளிகள். அக்கா வராந்தாவில் ரத்தம் தோய்ந்த அவருடைய துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பங்கு மருந்துதான்டா. ரவைகூடப் போடல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

மறுநாள் மற்றப் பத்திரிகைகளில் அந்தச் சொல் இருந்தது. வார்டில் யாரோ மச்சானுக்கு வாசித்துக் காட்டியிருந்தார்கள். நான் போனதும் அவர் முதலில் சொன்னது அதைத்தான்.

"அஜாக்கிரதையாம்ல மாப்ள."

"அது சும்மா எழுதுறது மச்சான். எல்லாத்துக்கும் அதேதான் எழுதுவாங்க."

"நானா அஜாக்கிரதை?" என்றார்.

பிறகு, "ரெட்டை மருந்த ரெண்டு தடவ தாங்குனது ஒத்த மருந்துக்கு ஏன் விட்டுச்சு?" என்றார். அந்தக் கேள்வியைத்தான் அவர் அடுத்த பல வாரங்கள் கேட்டார். கட்டு மாற்ற வந்த நர்ஸிடம் கேட்டார். பார்க்க வந்த சாமியாரிடம் கேட்டார். சாமியார் கடவுள் சித்தம் என்று ஆரம்பித்ததும் மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

விசாரணைக்காக ஆயுதப்படையிலிருந்து துப்பாக்கி பழுது பார்க்கிற ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பத்திரிகைக்காரன் என்று என்னை உள்ளே விட்டார்கள். மேசையில் ஒரு பழைய போஸ்டரை விரித்து, துண்டுகளை அதன்மேல் வைத்திருந்தார்கள். குழலின் அடிப்பகுதி வாழைப்பூ மடல் போல ஒரு பக்கம் விரிந்திருந்தது. அந்த ஆள் ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கையால் உடைந்த விளிம்பைக் காட்டினார்.

"இது கறுப்பா இருக்கா? இது வெள்ளையா இருக்கா? வெள்ளை அன்னைக்கு விட்டது. கறுப்பு பழைய விரிசல். உள்பக்கத்துலருந்து வந்திருக்கு, அதனால வெளிய தெரியாது. மருந்துப் புகை உள்ள போய்ப் போய்க் கறுத்துருச்சு."

வெள்ளையாக இருந்தது நகத்தின் கனம்கூட இல்லை. மற்றதெல்லாம் கறுப்பு. கறுப்பில் சன்னமான கோடுகள் இருந்தன, ஒன்றுக்கு வெளியே ஒன்றாக, மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் மாதிரி.

"இந்தக் கோடு என்ன?"

"விரிசல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சங் கொஞ்சமா நகந்திருக்கு. ஓவர்லோடு போட்டா இப்பிடி நகரும். இவரு என்ன, எப்பவும் ஓவர்லோடுதானா?"

"இல்ல. வருசத்துக்கு ஒரு தடவை. சோதனைக்கு."

அவர் போனைக் கீழே வைத்தார்.

"வருசா வருசமா? சோதனைன்னா ஒரு தடவைதாங்க. சுடுறதுக்கு முந்தி அளப்பான், சுட்ட பிறகு அளப்பான், உள்ள லைட் அடிச்சுப் பாப்பான். ஒரு மயிரிழை வீங்கியிருந்தாலும் தூக்கிப் போட்டுருவான். அப்புறம் குழல்ல வேலை ஏதாச்சும் பாத்தாத்தான் மறுபடி. இவரு அளந்தாரா?"

"கையால தடவிப் பாப்பாரு."

அவர் மறுபடியும் போனை எடுத்துக்கொண்டார்.

பிறகு நான் தேடி வாசித்ததும் அவர் சொன்னதைத்தான் சொன்னது. சோதனைக் கூடங்களில் வெடிச்சத்தம் வேலையில் பாதிதான். மீதிப் பாதி, அளவுகோலை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் பார்ப்பது. அதிக மருந்து நல்ல குழலை ஒன்றும் செய்யாது. குறையுள்ள குழலை உடைக்கும், அல்லது உடைக்காமல் குறையைப் பெரிதாக்கிவிடும். அந்த இரண்டாவது வகையைப் பிடிக்கத்தான் அளப்பது. முத்திரை என்பது, சுட்டுப் பார்த்த அன்றைக்குக் குழல் இருந்த நிலைக்குத்தான் சாட்சி. மச்சானின் அப்பாவுக்கு யாரோ சொன்னதில் விட்டுப்போன பாதி இதுதான். கழுவாமல் வைத்திருந்த மற்ற இருவரின் துப்பாக்கிகள் இன்றுவரை வெடிக்கவில்லை. அவை ஒருபோதும் இரண்டு பங்கு மருந்தைப் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் அந்தச் சோதனையையும் வழக்கில் சேர்த்தார். ஆயுதச் சட்டம், துப்பாக்கியைச் சோதித்துப் பார்ப்பதற்கே தனியாக உரிமம் கேட்கிறது. மச்சானிடம் இருந்தது வைத்திருப்பதற்கான உரிமம். அதுவும் ரத்தானது.

கட்டு மாற்றுகிற நாட்களில் மச்சானும் அக்காவும் நாகல் நகரில் எங்களோடு தங்கினார்கள். ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்து, அக்கா அவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மறுபடியும் கேட்டார்.

"ஸ்டேஷன்ல பாத்தேல்ல மாப்ள. ஏன் விட்டுச்சாம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். சொல்ல வேண்டாம் என்றோ சொல் என்றோ அவள் முகத்தில் எதுவும் இல்லை. சொன்னேன். கறுப்பையும் வெள்ளையையும் கோடுகளையும் சொன்னேன். ஒவ்வொரு பரீட்சைக்கும் விரிசல் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்றேன்.

அவர் ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கய்யா காலத்துலருந்தா?"

"எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியாதாம்."

"ஆனா ரொம்ப நாளா இருந்திருக்கு."

"ஆமா மச்சான்."

"எனக்குக் காச்சல் வந்த வருசமும்?"

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு தோளைப் பார்த்தார். அக்கா தோலையெல்லாம் கூட்டி எடுத்துக்கொண்டு எழுந்து, "அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்று சமையலறைக்குப் போனாள்.

ஏன் விட்டது என்று அவர் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. வேறு சில பழக்கங்களும் நின்றன. செருப்பில்லாமல் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கிறார் என்று அக்கா போனில் சொன்னாள். சொன்னால் கேட்பதில்லையாம். அந்தக் கதிரைப் பன்றி முழுவதுமாக முடித்துவிட்டது. அடுத்த பட்டத்துக்கு அவர் விதைக்கவில்லை.

அடுத்த ஆயுத பூசைக்கு நான் போனேன். போகாமல் இருந்தால் அதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடும் என்று என் மனைவி சொன்னாள். பக்கத்துக் காட்டில் டிராக்டருக்கு மாலை போட்டுப் பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்டுக்காரர் எங்களுக்கும் ஒரு தட்டு அனுப்பினார். கத்தவில்லை.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் டயர் அப்படியே கிடந்தது. கடைசிப் பரீட்சைக்குக் கட்டிய கயிறு, துப்பாக்கியை உருவி எடுத்த பிறகும் அதிலேயே இருந்தது. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, முடிச்சு இறுகிப்போயிருந்தது. டயரை ஒருவர் கேட்டிருக்கிறார், எடுத்துப் போகச் சாயங்காலம் வருவார் என்று அக்கா சொன்னாள்.

நான் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். மச்சான் பக்கத்தில் நின்று வழி சொன்னார். "அந்தப் பக்கம் இழுக்காத. கீழ பாரு. கீழ ஒரு சுருக்கு இருக்கும், அத மொதல்ல எடு." எனக்கு வரவில்லை. அக்கா அரிவாளை எடுத்து வந்தாள்.

"வெட்டாத" என்றார். "நல்ல கயிறு."

தரையில் உட்கார்ந்து டயரைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டார். வலது கையால் கயிற்றைத் தளர்த்தி, அதை இடது கையில் மிச்சமிருந்த இரண்டு விரலால் பிடிக்கப் பார்த்தார். பிடி நிற்கவில்லை. மறுபடியும் பார்த்தார். அது இரண்டு கட்டைவிரலும் வேண்டியிருக்கிற முடிச்சு. துப்பாக்கி அசையக் கூடாது, யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்று அவரே தேர்ந்தெடுத்தது. அக்கா அரிவாளோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் அவர் கையை எடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா குனிந்து அறுத்தாள். கயிறு பழையதுதான், ஆனாலும் அறுபட நேரம் எடுத்தது.